மலைவீட்டுக்கு பைபாப், ஆக்சிஜன் இயந்திரம் கொண்டுபோகிறீர்களா? டிஸ்சார்ஜுக்கு முன் இதைப் படியுங்கள்

"வீட்டில் ஒரு பைபாப் வைத்துக்கொள்ளுங்கள், ஆக்சிஜனும் தேவைப்படும்" என்று கோவையில் டிஸ்சார்ஜ் எழுதும்போது சொல்லிவிடுவார்கள். (பைபாப் என்பது மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளி மூச்சுக்குத் துணை செய்யும் இயந்திரம்.) சொல்கிறவர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து சொல்கிறார். உங்கள் வீடு குன்னூரில் என்றால் சுமார் 1,850 மீட்டர், ஊட்டியில் என்றால் 2,240 மீட்டர். கொடைக்கானல்காரர்களுக்கும் ஏறத்தாழ இதே கணக்குதான். இந்த வித்தியாசத்தை யாரும் தானாக எடுத்துச் சொல்வதில்லை; நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். புகையும் வயதும் சேர்ந்து நுரையீரலைக் கெடுத்துவிட்ட என் அப்பாவை ஊட்டிக்குத் திரும்ப அழைத்துவர நான் அலைந்து தெரிந்துகொண்டவற்றை வரிசையாக எழுதியிருக்கிறேன். அழுத்தத்தையும் ஆக்சிஜன் அளவையும் முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர். அவரிடம் என்ன கேட்பது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

1. பிரச்சினை எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

மூச்சு இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஆக்சிஜனை உள்ளே சேர்ப்பது ஒன்று, கரியமில வாயுவை வெளியே தள்ளுவது இன்னொன்று. ஒருவருக்கு இவற்றில் ஒன்று மட்டும் கெடலாம், இரண்டும் கெடலாம். அறைக்காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஆக்சிஜன் இயந்திரம் முதல் வேலைக்கு மட்டுமே உதவும். பைபாப் முக்கியமாக இரண்டாவது வேலைக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கடைக்குப் போனால் பணமும் போகும், ஆளுக்கும் ஆபத்து.

நலமாக இருப்பவர் ஒரு மூச்சில் சுமார் 500 மி.லி. காற்றை இழுக்கிறார். அதில் 150 மி.லி. தொண்டை, மூச்சுக்குழாய் வரை மட்டும் போய், வேலை எதுவும் செய்யாமல் திரும்பிவிடும். மீதி 350 மி.லி. தான் ரத்தத்தோடு வாயுக்கள் பரிமாறப்படும் நுரையீரல் காற்றறைகளை அடைகிறது. நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் 5,250 மி.லி. நோயாளியோ 250 மி.லி.யாக, நிமிடத்துக்கு 30 முறை மேல்மூச்சு வாங்குகிறார் என்று வையுங்கள். மொத்தக் காற்று இருவருக்கும் அதே 7,500 மி.லி. தான். ஆனால் இவருடைய காற்றறைகளுக்குப் போவது 100 மி.லி. வீதம் வெறும் 3,000. மார்பு இவ்வளவு வேகமாக ஏறி இறங்கியும் கரியமில வாயு தேங்குவது இதனால்தான். "நன்றாகத்தானே மூச்சு விடுகிறார்" என்று பக்கத்தில் இருப்பவர்கள் ஏமாறுவதும் இங்கேதான்.

பைபாப் ஒவ்வொரு மூச்சையும் ஆழமாக்குகிறது. உதரவிதானம் கீழே இறங்கிக் காற்றை இழுக்கும் வேலையில் ஒரு பகுதியை, இயந்திரம் மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளி ஏற்றுக்கொள்கிறது. இதில் இரண்டு எண்கள் இருக்கும். உள்மூச்சு அழுத்தம் 16, வெளிமூச்சு அழுத்தம் 6 என்றால், இடையில் உள்ள 10 தான் மூச்சின் ஆழத்தைக் கூட்டுகிறது. கீழ் எண் மூச்சுக்குழாய் மூடிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிக்கிறது. சிபாப் என்பது ஒரே அழுத்தம் கொண்டது. குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு அடைபடுபவர்களுக்கு அது போதும். கரியமில வாயு தேங்குபவர்களுக்குப் பெரும்பாலும் போதாது. விலை குறைவு என்று கடைக்காரர் சிபாபை நீட்டினால் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

2. உயரத்தின் கணக்கை டாக்டரிடம் நீங்களே எடுத்துப் போங்கள்

மலையில் ஆக்சிஜன் "சதவீதம்" குறைவதில்லை. அங்கும் 21 தான். குறைவது காற்றின் அழுத்தம். கடல்மட்டத்தில் 760 மி.மீ. பாதரசம் என்றால் ஊட்டியில் சுமார் 580. நுரையீரலுக்குள் நுழையும் ஆக்சிஜனின் அழுத்தம் கோவையில் சுமார் 142 என்றால் ஊட்டியில் 112.

இப்போது கரியமில வாயுவைச் சேர்த்துப் பாருங்கள். அது 10 மி.மீ. கூடும்போது காற்றறையில் ஆக்சிஜன் சுமார் 12 மி.மீ. குறையும். இயல்பாக 40 இருக்க வேண்டிய கரியமில வாயு 60 இருக்கும் ஒருவருக்கு, கூடுதல் ஆக்சிஜன் இல்லாமல் காற்றறையில் கோவையில் 67 கிடைக்கும். ஊட்டியில் 37 தான் கிடைக்கும். அறுபத்தேழில் ஒப்பேற்றிவிடலாம். முப்பத்தேழில் முடியாது. சமவெளியில் ஆக்சிஜன் இல்லாமலே சமாளித்தவர் மலை ஏறியதும் திணறுவதற்குக் காரணம் இது. பைபாபை ஒழுங்காகப் போட்டுக் கரியமில வாயுவைக் குறைத்தாலே ஆக்சிஜன் ஓரளவு தானாக ஏறுவதற்கும் இதுதான் காரணம்.

ஆகவே டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "எங்கள் வீடு 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் ஆக்சிஜன் லிட்டர் அங்கேயும் போதுமா? கூட்ட வேண்டியிருந்தால் எந்த அளவு வரை கூட்டலாம்? உடனே மலை ஏறலாமா, கொஞ்ச நாள் மேட்டுப்பாளையத்தில் உறவினர் வீட்டில் தங்கிப் பார்க்கலாமா?" மூன்றாவது கேள்வியைச் சிலர் கூச்சப்பட்டுக் கேட்பதில்லை. கட்டாயம் கேளுங்கள்.

3. கையில் வாங்க வேண்டிய காகிதங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரியில் "வீட்டில் பைபாப் தொடரவும்" என்ற ஒற்றை வரியோடு விட்டுவிடுவார்கள். அது போதாது. தனிச் சீட்டில் இவை எழுதியிருக்க வேண்டும்: இயந்திரத்தின் மோடு (எந்த முறையில் காற்றைத் தரவேண்டும் என்பது), இரண்டு அழுத்தங்கள், நோயாளி மூச்சு இழுக்க மறந்தால் இயந்திரம் தரவேண்டிய குறைந்தபட்ச மூச்சு எண்ணிக்கை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், மாஸ்க்கின் வகையும் அளவும், ஆக்சிஜன் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், ஆக்சிமீட்டரில் (விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி) எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை இருக்க வேண்டும்.

கடைசி வரியை மறக்கவே வேண்டாம். கரியமில வாயு தேங்கும் சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சடைப்பு நுரையீரல் நோய்) நோயாளிகளுக்குப் பொதுவாக 88 முதல் 92 வரை என்று இலக்கு வைப்பார்கள். அதைப் பார்த்துப் பதறி வீட்டில் யாராவது ஆக்சிஜனைத் திருகிக் கூட்டிவிடுவார்கள்; தேவைக்கு மேல் போகும் ஆக்சிஜன் இவர்களுக்குக் கரியமில வாயுவை இன்னும் ஏற்றிவிடும். எழுத்தில் இருந்தால் தடுக்கலாம். இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: ஊட்டியில் நோய் எதுவும் இல்லாதவருக்கே 94, 95 காட்டுவது சாதாரணம்.

ரத்த வாயுப் பரிசோதனை, அதாவது ஏ.பி.ஜி., முடிவுகளின் நகல்களைக் கேட்டு வாங்குங்கள். பைபாப் போடும் முன் எடுத்தது ஒன்று, போட்ட பின் எடுத்தது ஒன்று. நாளை மலையில் அவசரமாக வேறொரு மருத்துவமனைக்கு ஓடினால், "இவருக்கு வழக்கமாகவே கரியமில வாயு 55 இருக்கும்" என்பதைக் காட்ட வேறு வழியில்லை. எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்துக் குடும்பத்தில் இரண்டு பேரிடமாவது வைத்திருங்கள்.

காப்பீட்டை நம்பி இயந்திரம் வாங்காதீர்கள். வெளியே பயன்படுத்தும் ஆக்சிஜன் சிலிண்டர், சிபாப் போன்றவை பெரும்பாலான தனியார் பாலிசிகளில் பணம் தரப்படாத பட்டியலில் இருக்கும். உங்கள் பாலிசியில் எப்படி என்று எழுத்துமூலம் கேட்டுவிட்டுப் பில்லை எடுங்கள்.

4. முதல் மாதம் வாடகை, பிறகு யோசிக்கலாம்

நான் விசாரித்த இடங்களில் பைபாப் வாடகை மாதம் ஐந்தாயிரம் முதல் எட்டாயிரம் ரூபாய், 5 லிட்டர் ஆக்சிஜன் இயந்திரம் நான்காயிரம் முதல் ஏழாயிரம், இதற்குமேல் முன்பணம். புதிதாக வாங்கினால் இரண்டும் சேர்ந்து லட்சத்தை ஒட்டி வரும், நல்ல பைபாப் என்றால் தாண்டும். முதல் மாதத்தில் அழுத்தமும் மோடும் மாறக்கூடும் என்பதால் முதலிலேயே வாங்குவது வீண்செலவு. ஆறு மாதத்துக்குமேல் தேவைப்படும் என்று டாக்டர் சொன்னால் வாங்குவதுதான் லாபம்.

ஆக்சிஜன் இயந்திரத்தில் பலர் மாட்டிக்கொள்ளும் பொறி ஒன்று உண்டு. அதன் கையேட்டில் "அதிகபட்ச உயரம்" என்று ஒரு எண் இருக்கும். சில இயந்திரங்களுக்கு 1,500 மீட்டர், சிலவற்றுக்கு 2,300 மீட்டர் அளவில் இருக்கும். முதல் வகை ஊட்டியில் ஓடும், சத்தம் போடும், பாட்டிலில் குமிழியும் விடும். ஆனால் வெளிவரும் காற்றில் 90 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டிய ஆக்சிஜன் இருக்கிறதா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. குமிழியைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். வீட்டில் பொருத்தும்போது தூய்மை அளக்கும் கருவியைக் கொண்டுவந்து அளந்து காட்டச் சொல்லுங்கள். தூய்மை குறைந்தால் மஞ்சள் விளக்கு எரியும் மாடலாகப் பார்த்துக் கேளுங்கள். பைபாபிலும் உயரத்துக்கேற்ப அழுத்தத்தைத் தானே சரிசெய்யும் வசதி இருக்கிறதா, கையால் அமைக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய இயந்திரங்களில் கையால்தான்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வி: "இயந்திரம் ராத்திரி நின்றுபோனால் மாற்று இயந்திரம் எத்தனை மணி நேரத்தில் என் வீட்டுக்கு வரும்? வண்டிச் செலவு யாருடையது?" கோவை நகருக்குள் நான்கு மணி நேரம் என்பவர்கள் மலை என்றதும் "நீங்களே கீழே கொண்டுவந்துவிடுங்கள்" என்பார்கள். அந்தப் பதிலை ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடை. ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டரையும் இயந்திரத்தின் வரிசை எண்ணையும் வாங்கும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பணம் திரும்பும் நாளில் அது பேசும்.

5. மாஸ்க்: மருத்துவமனை மாஸ்க்கைச் சும்மா எடுத்து வராதீர்கள்

இது ஒன்றை மட்டும் படித்தாலும் போதும் என்று சொல்வேன். ஐ.சி.யூ. வெண்டிலேட்டரில் காற்று உள்ளே போக ஒரு குழாய், வெளியே வர ஒரு குழாய். அதனால் அங்கே பயன்படும் மாஸ்க்கில் ஓட்டை இருக்காது. வீட்டு பைபாபில் ஒரே குழாய். வெளிவிடும் மூச்சு மாஸ்க்கில் உள்ள சிறு துளைகள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். துளை இல்லாத மாஸ்க்கை வீட்டு இயந்திரத்தில் மாட்டினால் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். எதைக் குறைக்க இயந்திரம் வாங்கினோமோ அதே கரியமில வாயு ஏறும்.

அடையாளம் எளிது. துளையில்லாத மாஸ்க்கின் முழங்கை போன்ற வளைவு பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். துளையுள்ளதில் அந்த வளைவு நிறமற்றது. இயந்திரம் ஓடும்போது அதன்மேல் விரல் வைத்தால் மெல்லிய காற்று சீறுவது தெரியும். அந்தத் துளையைக் "காற்று வீணாகிறது" என்று பிளாஸ்டர் ஒட்டி அடைக்க ஒரு பாட்டியாவது வீட்டில் இருப்பார். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மாஸ்க் இரண்டாயிரத்திலிருந்து ஆறாயிரம் ரூபாய் வரை ஆகும். வாடகையில் சேராது. வீட்டுக்குப் போகவிருக்கும் இயந்திரத்தையும் மாஸ்க்கையும் மருத்துவமனைக்கே வரவழைத்து, டிஸ்சார்ஜுக்கு முந்தைய இரவு அதிலேயே தூங்க வையுங்கள். மூக்குத்தண்டில் சிவந்து புண்ணாகிறதா, பல்செட்டைக் கழற்றினால் கன்னத்தோரம் காற்று கசிகிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

6. கரண்ட்

ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றுமழையில் மரம் விழுந்து கரண்ட் போவது மலையில் யாருக்கும் புதிதல்ல. 5 லிட்டர் ஆக்சிஜன் இயந்திரம் சுமார் 350 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் என்றால் 5 யூனிட்டுக்கு மேல். இரண்டு மாத பில்லில் 300 யூனிட்டுக்கு மேல் கூடும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடுவதால், பில் வரும் மாதத்துக்குப் பணத்தை ஒதுக்கி வையுங்கள்.

வீட்டில் உள்ள 150 ஆம்பியர்-ஹவர் (ஏ.எச்.) இன்வெர்ட்டர் பேட்டரி ஆக்சிஜன் இயந்திரத்தைச் சுமார் மூன்று மணி நேரம்தான் தாங்கும். ஈரப்பதமூட்டியை அணைத்த பைபாப் 50 வாட் அளவில்தான் எடுக்கும் என்பதால் அதை மட்டும் ஓட்டினால் ஓர் இரவு முழுக்கப் போகும். ஆகவே கரண்ட் போனதும் பைபாபை இன்வெர்ட்டரிலும் ஆக்சிஜனைச் சிலிண்டரிலும் ஓட்டுங்கள். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். வோல்டேஜ் ஏறி இறங்கும் பகுதி என்றால் ஸ்டெபிலைசரும் தேவை.

சிலிண்டர் கணக்கு: கறுப்பு உடலும் வெள்ளைத் தோளும் கொண்ட பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டு மணி நேரம். மீட்டரில் முள் பாதியில் இருந்தால் ஆறு மணி நேரம். டி டைப்பில் 7,000 லிட்டர். இரண்டு நாளைத் தாண்டும், ஆனால் படியேறிக் கொண்டுபோக இரண்டு ஆள் வேண்டும். சரிவில் இருக்கும் வீடுகளுக்கு பி டைப் இரண்டு வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு, வீட்டில் உயிர்காக்கும் இயந்திரம் ஓடுகிறது என்று இணைப்பு எண்ணோடு ஒரு கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987 சுவரில் இருக்கட்டும்.

7. மலை ஏறும் நாள்

முந்தைய நாளே இயந்திரங்கள் வீட்டில் பொருத்தப்பட்டு ஓடிப் பார்த்திருக்க வேண்டும். நோயாளியும் இயந்திரமும் ஒரே வண்டியில் வந்து சேர்ந்து, பிறகு பிளக் பாயின்ட் தேடுவது வேண்டாம்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (இணையத்தில் பதிந்து வாங்கும் அனுமதிச் சீட்டு) வேண்டும். கட்டணம் இல்லை. ஆம்புலன்ஸுக்கும் உள்ளூர்ப் பதிவான டி.என். 43 வண்டிகளுக்கும் நீலகிரியில் தேவையில்லை. ஆனால் கோவையிலிருந்து வரும் டெக்னீஷியனின் காருக்குத் தேவை. சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்ற வரம்பு இருக்கக்கூடும் என்பதால் அவரையே முன்கூட்டி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சோதனைச்சாவடியிலிருந்து போன் வரும்.

ஈரப்பதமூட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். மலையில் சிறு தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் 5 லிட்டர் கேனாக வாங்கி வாருங்கள், பேச்சுக்கே இடமிருக்காது.

வார நாளில், காலையில் கிளம்புங்கள். வழக்கமாக மூன்று மணி நேரப் பயணம் என்றால் ஆறு மணி நேரத்துக்குச் சிலிண்டர் வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரைப் படுக்க வைத்துக் கட்டுங்கள், கண்ணாடியைச் சிறிது இறக்கி வையுங்கள், டிரைவர் உட்பட யாரும் புகைக்கக் கூடாது. கல்லாறு தாண்டி வளைவுகள் தொடங்கும்போது ஒருமுறை, குன்னூரில் ஒருமுறை ஆக்சிமீட்டரைப் பாருங்கள். டாக்டர் எழுதித் தந்த கீழ் எண்ணுக்குக் கீழே போனால், அவர் அனுமதித்த அளவுக்குள் ஆக்சிஜனைக் கூட்டுங்கள்.

8. முதல் வாரம்

பைபாபோடு ஆக்சிஜனையும் இணைத்திருந்தால் வரிசை முக்கியம். முதலில் பைபாபை ஓடவிட்டு, பிறகு ஆக்சிஜனைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் ஆக்சிஜன், பிறகு பைபாப். மாற்றிச் செய்தால் நின்றுபோன இயந்திரத்துக்குள் ஆக்சிஜன் தேங்கும், தீப்பிடிக்க வழியாகும்.

ஒரு நோட்டில் காலை, மாலை ஆக்சிமீட்டர் எண், மூச்சு எண்ணிக்கை, பைபாப் போட்ட மணி நேரம் மூன்றையும் எழுதுங்கள். ஆனால் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஆக்சிமீட்டருக்குக் கரியமில வாயு தெரியாது. காலையில் தலைவலி, பகலில் தூக்கம் தூக்கமாக வருவது, பேச்சுக் குழறுவது, கையை நீட்டச் சொன்னால் படபடவென்று அடித்துக்கொள்வது: இவற்றில் எது வந்தாலும், எண் 97 காட்டினாலும், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். எழுப்பினால் எழவில்லை என்றால் 108. "இன்றைக்குத்தான் 98 வந்திருக்கிறது, நிம்மதியாகத் தூங்குகிறார்" என்று சொல்லப்படும் இரவுதான் எனக்கு அதிகப் பயம் தருவது.

சுத்தம் பற்றிச் சுருக்கமாக: மாஸ்க்கைத் தினமும் துடையுங்கள், பின்பக்க ஸ்பாஞ்ச் ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவி முழுக்கக் காய்ந்தபின் மாட்டுங்கள், தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

9. பனிக்காலத்துக்கென்று சில

நவம்பர் முதல் பிப்ரவரி வரை அறை குளிர்ந்துகிடக்கும்போது, இயந்திரத்திலிருந்து வரும் ஈரக்காற்று குழாயில் முத்து முத்தாக நீராகி, தாழ்ந்த இடத்தில் கொளகொளவென்று சத்தம் போடும். சில நேரம் மூக்கிலும் தெறிக்கும். இயந்திரத்தைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வைத்து, குழாய்க்குக் கம்பளித் துணி உறை தைத்துப் போட்டால் பெருமளவு நிற்கும்.

விரல் சில்லிட்டிருந்தால் ஆக்சிமீட்டர் தப்பாகக் குறைத்துக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடேற்றி ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டிக் குளிர்காயும் வழக்கம் நோயாளி இருக்கும் வீட்டில் அறவே கூடாது. ஆக்சிஜன் ஓடும் அறையில் நெருப்பு என்பது ஒரு பக்கம். கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிமீட்டரோ அதையும் ஆக்சிஜன் என்றே எண்ணி நல்ல எண்ணைக் காட்டும். அறையைச் சூடாக்க எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டர் போதும், அதுவும் ஆக்சிஜன் குழாயிலிருந்து நன்றாகத் தள்ளி.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று: மூக்கடைப்புக்கு நீலகிரித் தைலம் தடவுவது. எளிதில் தீப்பற்றும் எண்ணெய் அது. ஆக்சிஜன் குழாய் இருக்கும் மூக்கருகில் தைலமும் வேண்டாம், வாசலினும் வேண்டாம். மூக்கு காய்ந்தால் தண்ணீரில் கரையும் ஜெல் எது என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

10. மறுபரிசோதனைக்கு இறங்கும்போது

நான்கு முதல் ஆறு வாரத்தில் ஏ.பி.ஜி. திரும்ப எடுக்கச் சொல்வார்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். மலையிலேயே எடுத்த ரத்தம்தான் மலையில் அவர் எப்படி இருக்கிறார் என்பதைச் சொல்லும். கோவைக்குத்தான் போக வேண்டும் என்றால் இயந்திரத்தின் மெமரி கார்டு, நோட்டு, மாஸ்க் மூன்றையும் எடுத்துப் போங்கள். எத்தனை மணி நேரம் போட்டார், எவ்வளவு காற்று கசிந்தது என்பது கார்டில் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடும் நாட்கள் உண்டு. சொந்தக் காரில் போகிறவர்கள் அந்தக் கூடுதல் நேரத்துக்கும் சேர்த்துச் சிலிண்டர் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.